மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்: கண்ணுக்குத் தெரியாத அறிவாற்றல் குறைபாட்டைக் கண்டறியும் 90 விநாடி சோதனை

மூளை, தண்டுவட நரம்புகளைத் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ்., என்றதும் நடைத் தளர்ச்சியும் பார்வை மங்கலும் கை கால் மரத்துப்போதலுமே பெரும்பாலும் நினைவுக்கு வருகின்றன. ஆனால் இந்நோயாளிகளில் ஏறத்தாழ 40 முதல் 65 சதவீதம் பேருக்குச் சிந்தனை வேகம், நினைவாற்றல், கவனம் ஆகியவையும் குறைகின்றன. நன்றாக நடமாடுபவர்களுக்கும் நோயின் தொடக்கத்திலேயே இப்பாதிப்பு ஏற்படலாம்.

எதனால் ஏற்படுகிறது?

உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பு நரம்பு இழைகளைப் போர்த்தியுள்ள மயலின் உறையைத் தவறுதலாகத் தாக்குவதே எம்.எஸ். நோயின் அடிப்படை. உறை சிதைந்தால் நரம்புச் செய்திகள் தாமதமாகின்றன. எனவே, தகவலைப் புரிந்துகொண்டு பதிலளிக்கும் வேகமே பெரும்பாலும் முதலில் குறைகிறது. இந்நோய் பொதுவாக 20 முதல் 40 வயதுக்குள், ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகமாகக் கண்டறியப்படுகிறது. படிப்பும் பணியும் உச்சத்தில் இருக்கும் வயது என்பதால் வேலையிழப்புக்கு இதுவும் முக்கியக் காரணமாகிறது.

ஏன் தவறவிடப்படுகிறது?

நோயின் கடுமையை அளக்கப் பரவலாகப் பயன்படும் ஈ.டி.எஸ்.எஸ். அளவுகோல் நடக்கும் திறனுக்கே அதிக முக்கியத்துவம் தருகிறது. வழக்கமான உரையாடலிலும் குறைபாடு வெளிப்படுவதில்லை. குடும்பத்தினரும் மேலதிகாரிகளும் இதைச் சோம்பல் அல்லது அக்கறையின்மை எனத் தவறாகக் கருதுவதுண்டு.

சோதனை எவ்வாறு நடைபெறுகிறது?

'சிம்பல் டிஜிட் மொடாலிட்டீஸ் டெஸ்ட்' எனப்படும் குறியீடு-எண் சோதனையே இதற்குப் பெரிதும் பரிந்துரைக்கப்படுகிறது. தாளின் மேற்பகுதியில் ஒன்பது குறியீடுகளும் அவற்றுக்குரிய 1 முதல் 9 வரையிலான எண்களும் இருக்கும். கீழே வரிசையாக உள்ள குறியீடுகளுக்கான எண்களை நோயாளி 90 விநாடிகளில் சொல்ல வேண்டும். சரியான விடைகளின் எண்ணிக்கையே மதிப்பெண். இத்துடன் சொற்பட்டியல், வடிவங்களை நினைவுகூரும் சோதனைகளையும் சேர்த்து சுமார் 15 நிமிடங்களில் முடியும் 'பைகேம்ஸ்' தொகுப்பு 2012-இல் அறிமுகமானது.

எப்போது செய்ய வேண்டும்?

நோய் கண்டறியப்பட்ட பின், உடல்நிலை சீராக உள்ளபோது முதல் சோதனையைச் செய்து, ஆண்டுதோறும் தொடர வேண்டும் என அமெரிக்க தேசிய எம்.எஸ். சங்கத்தின் 2018-ஆம் ஆண்டுப் பரிந்துரைகள் கூறுகின்றன. ஒருவரது மதிப்பெண்ணை அவரது முந்தைய மதிப்பெண்ணுடன் ஒப்பிடுவதே முக்கியம். நான்கு புள்ளிகள் குறைந்தாலே அது கவனிக்கத்தக்க மாற்றமாகக் கருதப்படுகிறது.

மதிப்பெண் குறைந்தால்?

இச்சோதனை ஓர் எச்சரிக்கை மட்டுமே. நோயறிதலின் முடிவு அன்று. மனச்சோர்வு, உடற்களைப்பு, தூக்கமின்மை, பார்வைக் குறைபாடு, சில மருந்துகள் ஆகியவையும் மதிப்பெண்ணைக் குறைக்கக்கூடும். அவற்றுள் பல சிகிச்சைக்கு உட்பட்டவை. அவற்றைப் பரிசீலித்த பின்னரே விரிவான நரம்பு உளவியல் மதிப்பீடு தேவையா என்பது முடிவாகும். அறிவாற்றல் மறுவாழ்வுப் பயிற்சி, உடற்பயிற்சி, குறிப்பேடு, கைபேசி நினைவூட்டல், பணிநேர மாற்றம் ஆகியவை அன்றாட வாழ்வை எளிதாக்கும்.

இந்தியாவில் இதன் முக்கியத்துவம்

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 பட்டியலிட்டுள்ள 21 குறைபாடுகளில் எம்.எஸ். நோயும் ஒன்று. பணிக்காலத்தில் குறைபாடு ஏற்படும் அரசு ஊழியரைப் பணிநீக்கமோ பதவியிறக்கமோ செய்யக்கூடாது என அச்சட்டத்தின் 20-ஆவது பிரிவு கூறுகிறது. கண்ணுக்குத் தெரியாத குறைபாட்டை நிறுவ, ஆண்டுதோறும் பதிவான மதிப்பெண்கள் துணைநிற்கும்.

சொற்பட்டியல் சோதனைகளை அப்படியே மொழிபெயர்த்துப் பயன்படுத்த இயலாது. ஒவ்வொரு மொழிக்கும் கல்வி நிலைக்கும் ஏற்பத் தரப்படுத்த வேண்டும். எண்களைச் சார்ந்த குறியீட்டுச் சோதனைக்கு மொழித்தடை குறைவு. எனவே, மறதியோ வேகக்குறைவோ தென்படும் எம்.எஸ். நோயாளிகள் அடுத்த பரிசோதனையின்போது இச்சோதனை குறித்து நரம்பியல் மருத்துவரிடம் கேட்டறிவது நல்லது.