முற்றத்து நீரும் நபிவழியும்



சென்ற கோடையில், ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் மதரஸாவில் ஓதும் சிறுமி ஒருத்தியின் தாயார் ஓர் ஐயம் கேட்டார். "ஹஸ்ரத், போர் வற்றிவிட்டது, தண்ணீரை விலைக்கு வாங்குகிறோம். ஒளூச் செய்த தண்ணீரைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினால் குற்றமாகுமா?" அன்று சுருக்கமாகச் சொன்ன விடையைச் சற்று விரிவாக இங்கே எழுதுகிறேன்.

மதீனாவில் நல்ல குடிநீர் அரிதாக இருந்தது. ரூமா கிணற்றை உஸ்மான் (ரலி) அவர்கள் தம் பொருளால் வாங்கி மக்கள் அனைவருக்கும் பொதுவாக்கினார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு முத்து நீரில் ஒளூச் செய்ததையும், ஒரு ஸாவு முதல் ஐந்து முத்து வரையிலான நீரில் குளித்ததையும் அனஸ் (ரலி) அவர்கள் அறிவித்தது புகாரியில் பதிவாகியுள்ளது. முத்தின் அளவில் மத்ஹபுகளிடையே வேறுபாடு உண்டு. எனினும் அது ஏறத்தாழ ஒரு லிட்டரைத் தாண்டுவதில்லை.

நம் பகுதிக்கு வடகிழக்குப் பருவமழையே பேராதாரம். மலையிலிருந்து இறங்கும் ஓடைகள் கண்மாய்களை நிரப்பும். கண்மாயில் நீர் நின்றால் கிணறுகளில் ஊறும். பழைய வீடுகளில் துவைகல்லில் வழிந்த நீர் வாய்க்கால் வழியே வாழைக்கும் தென்னைக்கும் போய்ச் சேர்ந்தது. பத்து லிட்டர் வாளியில் பத்துக் கிலோ எடையை இறைத்தவர்கள் நீரைச் சிந்தவிடவில்லை. மோட்டார் வந்த பின்னர் அந்தச் சுமை கைக்குத் தெரியவில்லை. மாடித் தொட்டி நிரம்பி வழியும்போது நீரோடு மின்சாரமும் வீணாகிறது.

2001 முதல் 2003 வரை தமிழகத்தில் மழை பொய்த்தது. 2003 ஜூலையில் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு அமைப்பு கட்டாயமாக்கப்பட்டது. அன்று வீடுதோறும் குழாய் பொருத்திக் குழி வெட்டினோம். இன்றோ பல வீடுகளில் அக்குழி மண்மூடிக் கிடக்கிறது. ஆயிரம் சதுர அடிக் கூரையில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 930 லிட்டர் நீர் விழுகிறது. ஒளூவுக்கு ஒரு லிட்டர் எனக் கொண்டால், ஒருவர் ஐவேளைக்கும் ஆறு மாதம் பயன்படுத்தும் நீர் அது!

இனி அந்தச் சகோதரியின் ஐயத்திற்கு வருவோம். ஒளூவில் பயன்பட்ட நீர் தன்னளவில் தூய்மையானது. ஆனால் அதைக்கொண்டு மீண்டும் ஒளூச் செய்ய இயலாது. ஷாஃபிஈ மத்ஹபின் நிலையும் ஹனஃபி மத்ஹபில் ஃபத்வா வழங்கப்படும் நிலையும் இதுவே. ஆகவே செடிக்கு ஊற்றத் தடையில்லை. நஜீஸ் கலந்த நீரையும் சோப்பு மிகுந்த நீரையும் மட்டும் கீரைப் பாத்திக்கு விடாமல் தவிர்க்க வேண்டும். வெயில் தாழ்ந்த பின் நீர் ஊற்றி, வேரடியைச் சருகாலோ தேங்காய் மட்டையாலோ மூடினால் ஈரம் நெடுநேரம் நிற்கும்.

அந்த வீட்டில் இப்போது ஒளூச் செய்யும் குழாயடியில் ஒரு பேசின் இருக்கிறது. அஸருக்குப் பின் அதைச் செடிக்கு ஊற்றுவது அச்சிறுமியின் வேலை. ஒருவர் நட்டதிலிருந்து மனிதனோ பறவையோ விலங்கோ உண்டால் அது அவருக்குத் தர்மமாகும் என்பது நபிமொழியின் கருத்தல்லவா? ஐப்பசி மழைக்கு முன் நம் வீட்டுக் குழியைத் தூர்வாரி, கூரையைப் பெருக்கி வைப்போம். வீண்விரயம் செய்வோரின் கூட்டத்தில் சேராமல் அல்லாஹ் நம் அனைவரையும் காப்பானாக. ஆமீன்.