கூரையில் மோட்டார், சுவிட்ச் எங்கே?

ஆடலூரில் சீலிங் ஃபேனுக்கு அவ்வளவாக வேலையில்லை. அந்தக் குளிருக்குக் கம்பளிதான் வேண்டும். ஆனால் கூரையில் ஓடும் இயந்திரத்துக்கும் அந்தப் பக்கத்துக் காப்பித் தோட்டங்களுக்கும் பழைய உறவு உண்டு. அங்கே நான் பார்த்த ஒரு பழைய பல்ப்பர் கொட்டகையில், உத்திரத்தில் போல்ட் போட்டு முறுக்கிய இரும்பு பிராக்கெட்டுகள் துருப்பிடித்துத் தொங்கின. ஒரு காலத்தில் அவற்றில் லைன் ஷாப்ட் சுழன்றது. மூலையில் ஆயில் என்ஜின், தலைக்கு மேலே ஷாப்ட், அதிலிருந்து பல்ப்பருக்கு இறங்கும் பெல்ட்.

என்ஜினை நிறுத்தாமல் ஒரு இயந்திரத்தை மட்டும் எப்படி நிறுத்துவது? பக்கத்துப் பக்கத்தில் இரண்டு புல்லி இருக்கும். ஒன்று ஷாப்டோடு இறுகியது, மற்றது சும்மா சுற்றும் லூஸ் புல்லி. கைப்பிடியைத் தள்ளினால் பெல்ட் லூஸ் புல்லிக்கு நகர்ந்துவிடும், இயந்திரம் நின்றுவிடும். ஓடுவது மேலே, நிறுத்தும் பிடி ஆளின் கைக்குப் பக்கத்தில். 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு இந்த ஏற்பாட்டைத்தான் கட்டாயமாக்கியது. அவசரத்தில் சக்தியைத் துண்டிக்க ஒவ்வொரு வேலைக்கூடத்திலும் சாதனம் வேண்டும் என்றும் சொன்னது. ஓடும் ஷாப்ட் பக்கம் போகிறவர் இறுக்கமான உடை போட வேண்டும் என்றது 22ஆம் பிரிவு. வேட்டி நுனியும் தோள்துண்டும் பெல்ட்டில் சிக்கினால் என்ன ஆகும் என்று நம் ஊர்க்காரருக்கு விளக்க வேண்டியதில்லை.

1930களில் பைக்காரா மின்சாரம் கோயம்புத்தூர் மில்களுக்கு வந்தது. மெல்ல மெல்ல லைன் ஷாப்ட் போய், இயந்திரத்துக்கு ஒரு மோட்டார் என்றானது. அதோடு அந்தக் கைப்பிடியும் போனது. மோட்டார் கூரையிலேயே உட்கார்ந்தால் சுவிட்ச் எங்கே?

1956 இந்திய மின்சார விதிகளில் 50ஆம் விதி, மோட்டாரின் சுவிட்ச் அதன் அருகிலேயே இருக்க வேண்டும், பொறுப்பாளர் எளிதில் எட்டி இயக்கும்படியும் இருக்க வேண்டும் என்றது. தரையில் நிற்கும் மோட்டாருக்கு இரண்டும் ஒன்றுதான். கூரை மோட்டாருக்கோ இரண்டும் சண்டை போடும். அருகில் வைத்தால் கை எட்டாது. எட்டும்படி வைத்தால் அருகில் இல்லை. 2010இலும் 2023இலும் புதிய ஒழுங்குமுறைகள் வந்தும் இந்தச் சண்டை தீரவில்லை.

அமெரிக்க விதிநூல் இதைக் கண்ணால் அளக்கிறது. மோட்டார் இருக்கும் இடத்திலிருந்து சுவிட்ச் கண்ணுக்குத் தெரிய வேண்டும், 50 அடிக்கு மேல் தள்ளி இருக்கக்கூடாது. எனக்கு இது நியாயமாகப் படுகிறது. ஏணி மேல் இருப்பவருக்கு வேண்டியது, கீழே யாரும் சுவிட்சைப் போடவில்லை என்ற நிச்சயம்தான். பார்வையில் படாவிட்டால் பூட்டு வேண்டும். ரிப்பேர் செய்கிறவர் சுவிட்சைப் பூட்டிச் சாவியைத் தானே வைத்துக்கொள்வதை 1989இல் அங்கே தனி விதியாகவே ஆக்கினார்கள். நம் வயர்மேன்கள் அதற்கு முன்பே பீங்கான் பியூஸ் கேரியரைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் ஏணி ஏறுவார்கள். பை கனமாக இருந்தால் மனசு லேசாக இருக்கும்.

வீட்டு ஃபேனும் இதே கதைதான். அந்தக் காலப் பங்காவுக்கு வராந்தாவில் கயிறு இழுக்கும் ஆள்தான் சுவிட்ச். "போதும்" என்றால் நின்றுவிடும். இப்போது சுவரில் சுவிட்ச் இருக்கிறது, ஆனால் அது பேஸில் இருக்கிறதா நியூட்ரலில் இருக்கிறதா? நியூட்ரலில் தனியாக சுவிட்ச் வைக்கக்கூடாது என்று 1956இன் 32ஆம் விதியே சொல்லியும், மாற்றி இணைத்த வீடுகள் நிறைய. அங்கே ஃபேன் நின்றுவிடும், ஒயரில் கரண்ட் நிற்காது. ரெகுலேட்டரைப் பூஜ்யத்தில் வைப்பதையும் கணக்கில் சேர்க்காதீர்கள், அது வேகத்துக்கான சாமான். கண்டென்சர் மாற்ற ஏறும் முன் மெயினை இறக்கி, டெஸ்டரால் ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு ஏறுங்கள்.