தோராயமாக 53 நாய்கள்

அமெரிக்க நீதிமன்ற ஆவணங்களில் ஒரு வழக்கின் பெயர் இப்படி இருக்கிறது: "அமெரிக்க ஐக்கிய நாடுகள் எதிர் தோராயமாக 53 பிட் புல் நாய்கள்."

முதல் தடவை பார்த்தப்போ யாரோ கிண்டலுக்கு வைத்த பெயர் என்றுதான் நினைத்தேன். இல்லை, நிஜ வழக்கு. 2007 ஜூலையில் வர்ஜீனியாவில் ஒரு ஃபெடரல் நீதிமன்றத்தில் பதிவானது. குற்றத்தில் பயன்பட்ட ஒரு பொருளை அரசு கையகப்படுத்த வேண்டுமென்றால், அந்த நாட்டுச் சட்டப்படி பொருளின் மீதே வழக்குப் போடலாம். கார், படகு, பணக்கட்டு எல்லாம் இப்படிப் பிரதிவாதி ஆகியிருக்கின்றன. இங்கே பிரதிவாதிகள் நாய்கள். அதிலும் "தோராயமாக". சட்டத்தின் கண்ணில் அவை பொருள்தானே, ஒன்றிரண்டு கூடினால் குறைந்தால் என்ன?

நான் இந்த வழக்கைத் தேடிப் போனதற்குக் காரணம் நம்ம ஊர் சமாச்சாரம். 2025 ஆகஸ்ட் 11 அன்று டெல்லித் தெருநாய்களை எல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆகஸ்ட் 22 அன்று அதைத் திருத்தி, கருத்தடையும் தடுப்பூசியும் முடித்துப் பிடித்த இடத்திலேயே விடலாம் என்றது. ஆனால் வெறிநோய் கண்ட நாய்க்கும் 'ஆக்ரோஷமான' நாய்க்கும் இந்தச் சலுகை கிடையாது. வெறிநோய் சரி, அது மருத்துவம். ஆக்ரோஷம் என்பதை யார், எங்கே வைத்து, எத்தனை நாள் பார்த்து முடிவு செய்வது? இந்தக் கேள்வியை வேறு யாராவது ஏற்கெனவே சந்தித்திருக்கிறார்களா என்று தேடியபோதுதான் அந்த 53 கிடைத்தன.

மூன்லைட் சாலை

2007 ஏப்ரல் 25. வர்ஜீனியாவின் சர்ரி கவுண்டியில், மூன்லைட் சாலை 1915 என்ற முகவரியில் போலீஸ் சோதனை. போனது நாய்களைத் தேடி அல்ல, போதைப்பொருள் விசாரணைக்காக. வீடு மைக்கேல் விக்கினுடையது. அமெரிக்கக் கால்பந்து பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: அட்லாண்டா ஃபால்கன்ஸ் அணியின் குவார்ட்டர்பேக், 2004இல் 10 ஆண்டுகளுக்கு 130 மில்லியன் டாலர் ஒப்பந்தம் போட்டவர். நம்ம ஊர் கணக்கில் ஒரு முன்னணி கிரிக்கெட் வீரரின் பண்ணை வீட்டில் இது நடந்ததாக வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டின் பின்னால் நாய்ச்சண்டைக் கூடம். சங்கிலியில் கட்டிய பிட் புல்கள். 2001 முதல் நடந்து வந்த தொழில் அது. சண்டையில் தேறாத நாய்களைத் தூக்கிலிட்டும் தண்ணீரில் அமுக்கியும் கொன்றது பிறகு நீதிமன்றத்தில் ஒப்புக்கொள்ளப்பட்டது. 2007 டிசம்பரில் விக்குக்கு 23 மாதச் சிறைத்தண்டனை. இந்தப் பகுதி உலகம் அறிந்தது. நாய்கள் என்ன ஆயின என்பதுதான் அதிகம் பேசப்படாதது.

அதுவரை நாய்ச்சண்டை வழக்குகளில் மீட்கப்பட்ட நாய்களுக்கு வழக்கமான முடிவு ஒன்றுதான்: சாட்சியப் பொருளாகக் கூண்டில் இருந்து, வழக்கு முடிந்ததும் ஊசி. கொல்லச் சொன்னவர்கள் நாயை வெறுத்தவர்களும் அல்ல. ஹ்யூமேன் சொசைட்டியும், ஜல்லிக்கட்டு புண்ணியத்தில் நமக்கெல்லாம் தெரிந்த பீட்டாவும் விக்கின் நாய்களைக் கருணைக்கொலை செய்வதே நல்லது என்றுதான் சொன்னார்கள். சண்டைக்கே வளர்த்த நாய், நாளைக்கு ஒரு குழந்தையைக் கடித்தால் யார் பொறுப்பு? அப்போது அமெரிக்கக் காப்பகங்களில் ஆண்டுக்கு 30 முதல் 40 லட்சம் நாய்களும் பூனைகளும் கொல்லப்படுவதாக மதிப்பிட்டிருந்தார்கள். எந்தத் தப்பும் செய்யாத சாது நாய்களுக்கே இடமில்லாதபோது இவற்றுக்கு எதற்கு செலவு? இந்த வாதத்தைச் சுலபமாகத் தள்ள முடியாது. நான் அந்த இடத்தில் இருந்திருந்தால் இதையேதான் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன்.

தோசைமாவு மாதிரி

இந்தத் தடவை மட்டும் அரசு வழக்கறிஞர்கள் ஒரு மாற்றம் செய்தார்கள். கூட்டமாகத் தீர்ப்பு எழுதாமல் ஒவ்வொரு நாயையும் தனித்தனியாகப் பார்க்கலாம் என்று முடிவானது. 2007 செப்டம்பரில் விலங்குவதைத் தடுப்புச் சங்கத்தின் நடத்தை நிபுணர் குழு ஒன்று கவுண்டி காப்பகங்களுக்குப் போய் 49 நாய்களைச் சோதித்தது. அப்போது அவற்றுக்குப் பெயர்கூட இல்லை. இருந்த ஊரின் பெயர், பக்கத்தில் ஒரு எண், அவ்வளவுதான்.

சோதனை இப்படி: சாப்பிடும்போது தட்டருகே ஒரு பொய்க்கையை நீட்டுவார்கள். குழந்தை உயரத்தில் ஒரு பொம்மையைக் காட்டுவார்கள். இன்னொரு நாயைக் கொண்டுவருவார்கள். பாய்ந்து குதறும் மிருகங்களைத்தான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். ஆனால் நிறைய நாய்கள் தரையோடு தரையாக ஒட்டிப் படுத்துக்கொண்டன. தூக்கினாலும் எழவில்லை. மீட்புக்காரர்கள் இவற்றைப் பேன்கேக் என்று சொன்னார்கள். கல்லில் ஊற்றிய தோசைமாவு என்று நாம் சொல்லலாம். பிரச்சினை வெறி அல்ல, பயம்.

நிபுணர்கள் ஐந்து பிரிவுகள் வகுத்தார்கள். ஃபாஸ்டர் மற்றும் கண்காணிப்பு. காவல்துறைப் பணிக்குப் பயிற்சி. சரணாலயம் 1, அதாவது நல்ல நாய், ஆனால் தேற வெகுநாள் ஆகும். சரணாலயம் 2, அதாவது ஆயுள் முழுக்க அங்கேயே. கடைசியாகக் கருணைக்கொலை. ஆக்ரோஷம் காரணமாகக் கடைசிப் பிரிவில் வந்தது ஒன்றே ஒன்று. இன்னொன்று நோய் முற்றியதால் கொல்லப்பட்டது. மீதம் 47.

அக்டோபரில் நீதிமன்றம் ரெபேக்கா ஹஸ் என்ற சட்டப் பேராசிரியரை இந்த நாய்களுக்குக் காப்பாளராக நியமித்தது. எந்த நாய் எங்கே போவது என்பது அவர் பரிந்துரை. யூட்டாவில் இருக்கும் பெஸ்ட் ஃப்ரெண்ட்ஸ் சரணாலயத்துக்கு 22 நாய்கள். மீதி 25ஐயும் வேறு ஏழு அமைப்புகள் எடுத்துக்கொண்டன. அதில் கலிஃபோர்னியாவின் பேட் ராப் அமைப்புக்கு 10. வீடுகளை நம்பி ஓடிய சின்ன அமைப்பு அது. செலவு? விக் கட்ட வேண்டியிருந்தது: 9,28,073 டாலர்.

வீடு என்ற சோதனைக்கூடம்

ஃபாஸ்டர் என்பது தத்து அல்ல. தத்து எடுத்தால் நாய் உங்களுடையது. ஃபாஸ்டரில் நாய் அமைப்பினுடையது. நிரந்தர வீடு கிடைக்கும்வரை உங்கள் வீட்டில் சாப்பிட்டு, உங்கள் சோபாவுக்கடியில் தூங்கும். உங்கள் வேலை சோறு போடுவது மட்டுமல்ல, கவனிப்பது. காலிங்பெல் அடித்தால் என்ன செய்கிறது? குழந்தை ஓடினால் துரத்துகிறதா? தனியாக விட்டுப்போனால் கதவைச் சுரண்டுகிறதா? அடுத்து வரப்போகிற குடும்பத்துக்கு இந்தத் தகவல்தான் மூலதனம். நிபுணர்கள் வைத்த பெயரிலேயே "கண்காணிப்பு" என்று ஒட்டியிருந்ததைக் கவனியுங்கள்.

இந்த நாய்கள் அதற்குமுன் வீட்டுக்குள் வாழ்ந்ததே இல்லை. மாடிப்படி தெரியாது. டிவி சத்தம் தெரியாது. கதவு நிலையைத் தாண்டுவதே சிலவற்றுக்குப் பெரிய விஷயம். காப்பகக் கூண்டில் ஆறு மாதம் வைத்துப் பார்த்தாலும் ஒரு நாய்க்குப் படியேறத் தெரியுமா என்று தெரிந்துகொள்ள முடியாது. ஏனென்றால் கூண்டில் படி இல்லை.

எங்கள் மென்பொருள் தொழிலில் ஒரு நித்திய புலம்பல் உண்டு: டெஸ்ட் சர்வரில் அழகாக ஓடியது, ப்ரொடக்‌ஷனில் படுத்துவிட்டது. இங்கே நடந்தது தலைகீழ். காப்பகம் என்ற டெஸ்ட் சர்வரில் படுத்துவிட்ட நாய், வீடு என்ற ப்ரொடக்‌ஷனில் எழுந்து நடந்தது. கூண்டில் நாய் காட்டும் குணத்தில் பாதி கூண்டின் குணம். குரைப்பு நாறும் இருட்டுக் கூடத்தில் எட்டு மாதம் இருந்தால் நானும் யாரையாவது கடிப்பேன்.

ஜானி ஜஸ்டிஸ் என்ற நாயைப் பாருங்கள். பேட் ராப் வழியாக சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரு வீட்டுக்கு ஃபாஸ்டராகப் போனது. தினமும் அதே நேரத்துக்கு நடை, அதே நேரத்துக்குச் சாப்பாடு என்று ஒரு ஒழுங்கில் மெல்ல மெல்லத் தேறியது. குழந்தைகளைக் கண்டால் அதற்குத் தனி சந்தோஷம் என்பது தெரிய வந்தது. பிறகு நூலகத்தில், சத்தமாக வாசிக்கத் தயங்கும் குழந்தைகள் அதன் பக்கத்தில் உட்கார்ந்து அதற்குக் கதை வாசித்தார்கள். நாய் தப்பைத் திருத்தாதே! பொம்மைக் குழந்தையைக் காட்டிச் சோதிக்கப்பட்ட கூட்டத்தில் ஒன்று, நிஜக் குழந்தைகளின் நடுவில் படுத்துக் கதை கேட்டது.

ஜானியை அந்த வீட்டுக்காரர்கள் திருப்பிக் கொடுக்கவே இல்லை, தத்து எடுத்துக்கொண்டார்கள். இதற்கு அமெரிக்க மீட்புக்காரர்கள் வட்டத்தில் 'ஃபாஸ்டர் ஃபெயில்' என்று செல்லப்பெயர். தோற்றுப்போனவர் என்று வேடிக்கையாகச் சொன்னாலும் அதற்குள் ஒரு கணக்கு இருக்கிறது: ஒரு நாய்க்கு நிரந்தர வீடு கிடைத்தது, அடுத்த நாய்க்கான தற்காலிக இடம் ஒன்று குறைந்தது. கண்ணீரோடு கொடுத்துவிட்டு மறுவாரம் இன்னொன்றைக் கூட்டி வருகிறவர்கள்தான் இந்த ஏற்பாட்டின் முதுகெலும்பு.

எல்லாக் கதையும் இப்படி முடியவில்லை. லூக்கஸ் என்ற நாய் சண்டைகளில் ஜெயித்த சாம்பியன். மனிதர்களிடம் அத்தனை பிரியம். ஆனாலும் சரணாலயத்தை விட்டு எப்போதும் வெளியே போகக்கூடாது என்று நீதிமன்ற உத்தரவு. 2013இல் அங்கேயே இறந்தது. பெஸ்ட் ஃப்ரெண்ட்ஸில் மற்ற நாய்களுக்கும் படிகள் இருந்தன: முதலில் ஒரு நன்னடத்தைத் தேர்வு, பிறகு ஒரு வீட்டில் ஆறு மாத ஃபாஸ்டர், அதுவும் சரியாகப் போனால்தான் தத்து. அவசரமே படவில்லை. அதனால்தான் நிலைத்தது என்பது என் எண்ணம்.

பிறகு

மாற்றம் ஒரே நாளில் வரவில்லை. 2009 பிப்ரவரியில் நார்த் கரோலைனாவின் வில்க்ஸ் கவுண்டியில் இன்னொரு நாய்ச்சண்டை வழக்கு. நூற்றுக்கும் மேற்பட்ட நாய்கள், குட்டிகள் உட்பட, பழைய வழக்கப்படி மொத்தமாகக் கொல்லப்பட்டன. இந்தமுறை பொதுமக்கள் சும்மா இருக்கவில்லை. விக்கின் நாய்கள் வீடுகளில் வாழ்வதை அவர்கள் ஏற்கெனவே பார்த்துவிட்டார்களே! அந்த ஆண்டே ஹ்யூமேன் சொசைட்டி தன் கொள்கையை மாற்றி, ஒவ்வொரு நாயையும் தனியாக மதிப்பிட வேண்டும் என்ற நிலைக்கு வந்தது. வாதத்தில் ஜெயித்தது கட்டுரைகள் இல்லை, வரவேற்பறையில் குறட்டை விட்ட நாய்கள்.

இதை அப்படியே இங்கே ஒட்டவைக்க முடியாது என்று தெரியும். அங்கே 47 நாய், பின்னால் ஒரு கோடீஸ்வரரின் பணம். இங்கே தெருவுக்கு ஐந்தாறு நாய், வெறிநோய் ஒரு நிஜமான சாவு. கடிபட்ட குழந்தையின் அப்பாவிடம் போய் ஜானி ஜஸ்டிஸ் கதையைச் சொல்ல எனக்குத் தைரியம் கிடையாது. விக் வழக்கிலும் எல்லா நாயையும் நல்ல நாய் என்று யாரும் சொல்லவில்லை. ஒன்றுக்கு ஊசி போடத்தான் செய்தார்கள். சொன்னது ஒன்றுதான்: பார்த்துவிட்டு முடிவு செய்.

பார்ப்பதற்கு இடம் வேண்டும், நாள் வேண்டும். நெரிசலான காப்பகம் இரண்டையும் தராது. "ரெண்டு வாரம் ஃபாஸ்டர் போதும், சாப்பாடு நாங்க தர்றோம்" என்று சென்னை வாட்ஸ்அப் குழுக்களில் வரும் செய்திகளை நான் இத்தனை நாளாக இரக்கத்துக்கான வேண்டுகோள் என்றுதான் படித்துக் கடந்திருக்கிறேன். இப்போது அதைக் கூண்டில் தெரியாத ஒன்றைத் தெரிந்துகொள்ள இரண்டு வாரம் கேட்கிறார்கள் என்று படிக்கிறேன். இன்னும் ஒன்றுக்கும் பதில் போடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

47இல் கடைசியாக உயிரோடு இருந்த நாயின் பெயர் ஃப்ரோடோ. மீட்கப்பட்டபோது குட்டி. 2021 டிசம்பரில், சுமார் 15 வயதில், கலிஃபோர்னியாவில் தன் குடும்பத்தோடு இருக்கும்போது இறந்தது. அன்றைக்கு அது செய்தியாக வந்தது. வழக்கு தொடங்கியபோது எத்தனை என்று சரியாகச் சொல்லக்கூட அவசியப்படாத கூட்டத்தில், கடைசி நாய் எது என்று ஊருக்கே தெரிந்திருந்தது.