கடலூரில் சூரியன், சிதம்பரத்தில் நெப்டியூன்: தொடக்கப் பள்ளியில் வானியல்

சிதம்பரத்தில் ஆண்டுக்கு இரண்டு நாள் உச்சிவேளையில், நட்டு நிறுத்திய குச்சிக்கு நிழல் விழுவதில்லை. ஏப்ரல் 20, ஆகஸ்ட் 23 ஆகிய தேதிகளை ஒட்டி அந்நாட்கள் வருகின்றன. சற்று வடக்கே உள்ள கடலூரில் ஏப்ரலில் ஒரு நாள் பிந்தும், ஆகஸ்டில் ஒரு நாள் முந்தும். தமிழ்நாடு அறிவியல் இயக்கம் நிழலில்லா நாளைப் பல ஊர்களில் குழந்தைகளிடம் கொண்டுசேர்த்திருக்கிறது. ஆனால் ஏப்ரல் நிகழ்வு ஆண்டுத் தேர்வும் விடுமுறையும் நெருங்கும் வேளையில் வருவதால் வகுப்பறையோடு ஒட்டாமல் போகிறது. ஆகஸ்ட் நிகழ்வோ பள்ளி நடக்கும்போதே வருகிறது. தொடக்க வகுப்புகளின் வானியலை அந்த நிழலிலிருந்து தொடங்க வேண்டும். கோள்களின் பெயர்ப் பட்டியல் பிறகு வரலாம் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பெயர் தெரிந்தால் பொருள் புரிந்துவிட்டதாகக் கொள்ள முடியாது. ஸ்டெல்லா வொஸ்னியாடோவும் வில்லியம் புரூவரும் 1992இல் வெளியிட்ட ஆய்வில் அமெரிக்கப் பள்ளிக் குழந்தைகள் 60 பேரிடம் பூமியைப் பற்றிக் கேட்டார்கள். பூமி உருண்டை என்று சொன்ன குழந்தைகள் சிலரின் மனத்தில், அந்த உருண்டைக்குள்ளே ஒரு தட்டையான தரையில் மக்கள் வாழ்ந்துகொண்டிருந்தார்கள்! இதே குழு ஹைதராபாத் குழந்தைகளிடம் நடத்தி 1996இல் வெளியிட்ட ஆய்வில், பூமியைத் தண்ணீர் தாங்குகிறது என்ற எண்ணம் தெரிந்தது. ஆசிரியர் சொன்னதையும் கண்ணில் படுவதையும் குழந்தை தன் போக்கில் பொருத்திக்கொள்கிறது. அந்தப் பொருத்தத்தை வெளியே கொண்டுவராமல் மேலும் மேலும் தகவல் கொடுப்பதில் பயனில்லை.

நிழலுக்குத் திரும்புவோம். ஒரு மீட்டர் குச்சி, சமதரை, சாக்பீஸ் போதும். பள்ளி திறக்கும் ஜூனில் உச்சிச் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கிறது. நிழல் தெற்கே விழுகிறது. ஜூன் 21இல் அதன் நீளம் சுமார் 21 செ.மீ. வாரத்துக்கு வாரம் அது குறுகி, ஆகஸ்ட் 23இல் குச்சியின் அடியில் ஒடுங்கும். அதன் பிறகு வடக்குப் பக்கம் திரும்பி, டிசம்பர் 21இல் சுமார் 70 செ.மீ. வரை நீளும். கடலூர் மாவட்டத்தில் ஐப்பசி, கார்த்திகை மழை குறுக்கிடும்தான். மேகம் மூடிய நாளுக்குரிய கட்டத்தை ஊகித்து நிரப்பாமல் வெறுமையாக விடக் கற்பதும் அறிவியல் பயிற்சியே. உச்சிவேளை கடிகாரத்தின் 12 மணிக்கு வராது என்பதையும் குழந்தைகளே கண்டுபிடிப்பார்கள். இந்திய நேரம் கணிக்கப்படும் தீர்க்கரேகைக்குச் சிதம்பரம் மேற்கே இருப்பதால் ஆகஸ்ட் 23இல் அது 12.14 வாக்கில் வருகிறது.

அடுத்த பாடத்துக்கு ஊரின் திருவிழாவே இடம் தருகிறது. மார்கழித் திருவாதிரையன்று களி தின்ற கையோடு குழந்தைகள் ஆருத்ரா தரிசனம் பார்க்கப் போகிறார்கள். அன்று மாலை சூரியன் மேற்கே மறையும் வேளையை ஒட்டிக் கிழக்கே ஏறக்குறைய முழுநிலா எழும். அதன் அக்கம்பக்கத்தில் செந்நிறமாகத் தெரிவதே திருவாதிரை மீன். பௌர்ணமியில் சூரியனும் நிலவும் நமக்கு எதிரெதிர்ப் பக்கம் நிற்கின்றன என்பதைக் கரும்பலகைப் படத்தைவிட இந்தத் தெருக்காட்சி தெளிவாகக் காட்டும். 2020 ஜனவரி 10 ஆருத்ரா தரிசனத்தின்போது அந்த விண்மீன் வழக்கத்தைவிட வெகுவாக மங்கியிருந்தது. அது உமிழ்ந்த தூசு அதை மறைத்தது என்று 2021இல் ஆய்வாளர்கள் விளக்கினார்கள்.

கோயிலை வகுப்புக்குள் கொண்டுவந்தால் மூடநம்பிக்கையும் கூடவே வரும் என்ற அச்சம் நியாயமானது. சிதம்பரம் கோயில் புவிக் காந்தத்தின் நடுக்கோட்டில் உள்ளதாக ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அது தவறு, அந்தக் கோடு இன்னும் தெற்கே செல்கிறது. 1963 நவம்பர் 21இல் இந்தியா ராக்கெட் ஏவிய கேரளத்துத் தும்பாவைத் தேர்ந்தெடுக்கக் காரணமே அக்கோட்டின் அண்மைதான். ஆனால் காளஹஸ்தி, காஞ்சிபுரம், சிதம்பரம் மூன்றும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில் உள்ளன என்று அதே செய்தி சொல்வது சரி. மூன்று ஊர்களுக்கும் உச்சிவேளை ஒன்றாக வரும். ஆகஸ்ட் 23இல் சிதம்பரத்துக் குச்சி நிழலின்றி நிற்கும்போது, காஞ்சியில் அதே உயரக் குச்சிக்குச் சுமார் 2.5 செ.மீ., காளஹஸ்தியில் 4 செ.மீ. நிழல் விழும். பூமியின் வளைவு அங்கே அளவுகோலில் அகப்படுகிறது. வாயை மூடு என்று அதட்டுவதைவிட, வந்த செய்தியை இப்படி அளந்து பார்க்கச் சொல்வது மேல்.

இவற்றுக்குப் பிறகே கோள்கள். பாடப்புத்தகப் படங்களில் எட்டுக் கோள்களும் தோளோடு தோள் ஒட்டி நிற்கின்றன. ஒரு பக்கத்தில் வேறு வழியும் இல்லை. கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குச் சாலை வழி சுமார் 45 கி.மீ. சூரியனுக்கும் நெப்டியூனுக்கும் இடையே சுமார் 450 கோடி கி.மீ. பத்துக் கோடியில் ஒரு பங்காகச் சுருக்கினால் கணக்கு அப்படியே பொருந்துகிறது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் 14 மீட்டர் அகலச் சூரியன். ஒன்றரை கி.மீ. தள்ளி 13 செ.மீ. பூமி, அதிலிருந்து சுமார் நாலு மீட்டரில் மூன்றரை செ.மீ. நிலா. 7.8 கி.மீ.யில் ஆளுயரத்துக்குச் சற்றுக் குறைந்த வியாழன். ஆலப்பாக்கத்தை எட்டுமுன் சனி, புதுச்சத்திரம் தாண்டி யுரேனஸ், சிதம்பரத்தில் அரை மீட்டர் நெப்டியூன். இந்த அளவில் ஒளி நொடிக்கு 3 மீட்டர்தான் போகும். சிதம்பரம் சேர நாலு மணி நேரத்துக்கு மேலாகும். சூரியனுக்கு மிக அருகிலுள்ள விண்மீனோ 4 லட்சம் கி.மீ. தொலைவில், உண்மையான நிலாவையும் சற்றுத் தாண்டி இருக்கும்.

மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக் கோடிகள் புரியாது என்பார்கள். பத்துக் கோடி புரிய வேண்டாம். பேருந்தில் போய்வந்த சாலை அவர்களுக்குத் தெரியும். செய்ய வேண்டியவை சில: வட்டார வள மையங்கள் அந்தந்த ஊரின் உச்சிவேளை அட்டவணையை ஜூன் மாதமே பள்ளிகளுக்குத் தரலாம், பயிற்சி நாளில் ஆசிரியர்களே வெயிலில் நின்று ஒருமுறை நிழல் அளக்கலாம். தேர்வில் கோள்கள் எத்தனை என்ற கேள்வியோடு, நேற்று மாலை பார்த்த நிலாவை வரைந்து, அது எந்தத் திசையில் இருந்தது என்றும் கேட்கலாம்.