நகரசபையின் பொக்கிஷமும் குடிமக்களின் சமவுரிமையும்

நம் சேலம், நாமக்கல் ஜில்லாக்களில் நகரசபைத் தேர்தல் நெருங்குங் காலத்துக் குடிநீர், தெருவிளக்கு, சாக்கடை, சந்தை என்னும் நான்கினைப் பற்றியே யாண்டும் பேச்சு நிகழ்வதை அன்பர்கள் அறிவர். இவை இன்றியமையாதனவே. ஆயினும் ஐந்தாவது பொருள் ஒன்று உண்டு. அந்நீரையும் அத்தெருவையும் அச்சந்தையையும் எல்லா வகுப்பினரும் வேற்றுமையின்றித் துய்க்கின்றனரா என்று பார்த்தலும், துய்க்கவொட்டாது தடுப்பாரை விலக்குதலுமே அது. இவ்வேலைக்குப் பொருள் வேண்டுமென்பதையும், அப்பொருளை யார் தருவதென்பது நூறு வருஷமாகத் தீராத வினாவாய் நிற்பதையும் நம் சங்கத்துக் குடும்பங்கள் அறிந்துகொள்ளுதல் நலமெனக் கருதி இவ்வியாசம் எழுதப்படுகின்றது.

முதலில் நம்மூர்ச் செய்தியைக் காண்போம். சேலம் நகரசபை 1866-ஆம் வருஷம் ஏற்பட்டது. 1917 முதல் 1919 வரை அதன் தலைவராயிருந்தவர் அக்காலத்துச் சேலத்தில் வக்கீலாய் விளங்கிய ஸ்ரீ சி. இராஜகோபாலாசாரியார். தாழ்த்தப்பட்ட வகுப்பினர் ஒருவர் முதன்முதலாக அச்சபையின் அங்கத்தினரானது அவர் தலைமையின் காலத்தேதான். பின்னர் 1925-ல் திருச்செங்கோட்டுக்கு அணித்தான புதுப்பாளையத்தில் அவர் நிறுவிய காந்தி ஆசிரமத்தில், தீண்டாமை பாராட்டாது யாவரும் ஒருங்குறைந்தனர். இவ்விரண்டும் நம் நாட்டுப்புறத்துக்குப் பெருமை தருவன. எனினும் ஒன்றை நோக்குக. ஆசிரமம் நன்கொடையால் நடந்தது. நகரசபையோ வரியால் நடப்பது. நன்கொடையால் நிகழும் நற்செயல் கொடுப்போர் மனத்தைப் பற்றி நிற்கும். வரிப்பணத்தால் நிகழ்வதோ குடிமகனுக்கு உரிமையாய் நிற்கும். சபையில் ஓராசனம் கிடைத்தல் குரல் கிடைத்தலேயாம். அக்குரல் வரவு செலவுக் கணக்கில் ஒரு வரியாக ஏறினாலன்றிப் பயன்படுதல் அரிது.

சென்னை மாகாண சர்க்கார் 1920-ஆம் வருஷத்தையொட்டி லேபர் கமிஷனர் என்னும் உத்தியோகஸ்தரை நியமித்து, தாழ்த்தப்பட்டோர்க்கு வீட்டுமனை, கிணறு, பள்ளிக்கூடம் ஆகியவற்றுக்காகப் பொருள் செலவிட்டனர். தண்ணீரின்றித் தவித்தோர்க்கு அது பேருதவியே, ஐயமில்லை. ஆயினும் அச்செலவின் இயல்பை உற்று நோக்குதல் வேண்டும். ஊர்ப் பொதுக்கிணற்றில் நீர் மொள்ளவொட்டாது தடுத்தமையாலன்றோ சேரிக்குத் தனிக் கிணறு வேண்டியதாயிற்று? பொதுப் பள்ளியில் சேர்க்க மறுத்தமையாலன்றோ தனிப் பள்ளி வேண்டியதாயிற்று? சர்க்கார் பணம் தாகத்தைத் தீர்த்தது, தடையைத் தீர்க்கவில்லை. தனிக் கிணற்றுக்குச் செலவு செய்வது தருமம். பொதுக் கிணற்றைத் திறந்து வைப்பதற்குச் செலவு செய்வதே நியாயம். இவ்விரண்டு செலவுக்கும் உள்ள வேற்றுமையே இவ்வரலாற்றின் உயிர்நிலை.

1924-ஆம் வருஷம் சென்னைச் சட்டசபையில் திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலையிலும் தெருவிலும் எவ்வகுப்பினரும் நடக்கலாம், பொதுக் கிணறு, குளம், கச்சேரி ஆகியவற்றை எவரும் அடையலாம் என்பது அதன் சாரம். சபை அதனை ஏற்றது. சர்க்காரும் அவ்வாறே உத்தரவிட்டனர். உத்தரவு அச்சாகி ஊர்தோறும் போயிற்று. ஆனால், மறுத்தவனைக் கண்டு எழுதுதற்கு ஓர் உத்தியோகஸ்தரோ, மறுக்கப்பட்டவன் வழக்காடுதற்கு ஒரு தொகையோ அத்துடன் போகவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்னும் பழமொழிக்கு இதனினும் சிறந்த உதாரணம் வேண்டா.

பம்பாய் மாகாணத்தில் நிகழ்ந்தது இன்னுந் தெளிவானது. அங்கு 1923-ல் எஸ். கே. போலே என்பவர் கொண்டுவந்த தீர்மானத்தின்படி, பொது நிதியால் ஏற்பட்ட நீர்நிலைகள் யாவர்க்கும் திறக்கப்படல் வேண்டுமென முடிவாயிற்று. மஹாட் என்னும் சிற்றூரின் நகரசபை 1924-ல் தன் சவதார் குளத்தை யாவர்க்கும் திறந்ததாகத் தீர்மானித்தது. தீர்மானம் புத்தகத்தில் இருந்தது, குளத்தில் இறங்கினாரில்லை. இதனைக் கண்ட போலே 1926-ல் மறுபடியும் எழுந்து, இவ்விதியை நடத்தாத நகரசபைகளுக்குச் சர்க்கார் மானியம் கொடுத்தலாகாது என்று மற்றொரு தீர்மானம் கொண்டுவந்தார். உரிமையைப் பணப்பையோடு முடிச்சிட்டவர் அவர். 1927-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 20-ந் தேதி டாக்டர் அம்பேத்கர் பெருங்கூட்டத்துடன் சென்று அக்குளத்து நீரைப் பருகினார். பருகியோர் அடிக்கப்பட்டனர். அவ்வருஷம் ஆகஸ்டு மாதமே நகரசபை தன் தீர்மானத்தைத் தானே ரத்துச் செய்தது. வழக்கு நடந்தது. 1937-ஆம் வருஷம் மார்ச்சில் பம்பாய் ஹைக்கோர்ட்டு தாழ்த்தப்பட்டோர் பக்கம் தீர்ப்பளித்தது. ஒரு குளத்து நீருக்குப் பத்து வருஷ வழக்கு! அப்பத்து வருஷத்துக்கும் வக்கீல் செலவைத் தாங்கியவர் யார்? நீர் மறுக்கப்பட்டோரும் அவர்தம் நண்பருமே. குற்றம் செய்தாரைத் தேடிப் பிடிக்கவேண்டிய செலவு குற்றத்துக்கு ஆளானார் தலையில் விழுந்தது.

கணக்குத் தலைப்பு ஒன்றின் வலிமையைக் காட்டச் சென்னை நகரிலும் ஒரு சான்று உண்டு. 1920-ல் ஸர் பிட்டி தியாகராய செட்டியார் தலைமையில் சென்னைக் கார்ப்பொரேஷன், ஆயிரம் விளக்குப் பள்ளியில் ஏழைப் பிள்ளைகட்கு, ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாமல் பகற்சிற்றுண்டி அளிக்கத் தீர்மானித்தது. பின்பு வேறு சில பள்ளிகளிலும் அது பரவியது. அப்பள்ளிகளில் 1922-23-ல் 811 ஆக இருந்த பிள்ளைகளின் தொகை 1924-25-ல் 1,671 ஆக உயர்ந்தது. ஆயினும் ஆரம்பக் கல்வி நிதியில் இச்செலவை எழுதலாகாதென்று சர்க்கார் தடுத்தமையால், 1925-ஆம் வருஷம் ஏப்ரல் முதல் தேதியோடு அது நின்றது. சோற்றை நிறுத்தியவர் எவரும் பிள்ளைகள் பசித்திருக்கட்டும் என்று சொன்னாரல்லர். தலைப்பு பொருந்தவில்லை என்றே சொன்னார். தனித் தலைப்பில்லாத நற்செயல் பிறர் வீட்டுத் திண்ணையில் உறங்குவானைப் போன்றது. எழுப்பிய நாளில் எழுந்து போகவேண்டும்.

"பணமின்றியும் நடத்தலாமே, அதிகாரம் போதாதா?" என்று கேட்பார் உண்டு. அவர் கூற்றிலும் உண்மை இல்லாமலில்லை. 1920-க்குப் பிந்திய பத்து வருஷங்களின் இறுதியில் இராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராயிருந்த டபிள்யூ. பி. ஏ. சௌந்தரபாண்டியனார், ஆதிதிராவிடரை ஏற்ற மறுத்த மோட்டார் பஸ்காரர்கள் லைசென்ஸை இழக்க நேரிடுமென்று கண்டிப்பாய் நின்றார். ஒரு காசும் செலவில்லை; பஸ்ஸில் இடம் கிடைத்தது. ஆயின் அத்தகைய உறுதியுடையார் எல்லாப் போர்டுகளிலும் அமைவரோ? அவர் நீங்கியபின் அவ்வுத்தரவைக் காப்பார் யார்? தனி மனிதர் துணிவு ஒரு தலைமுறைக்கு உதவும். நிலைத்த ஏற்பாடே தலைமுறை பலவற்றுக்கு உதவும். நிலைத்த ஏற்பாட்டுக்குச் சம்பளம் வேண்டும்.

இனிச் சட்டங்களின் வரலாற்றைச் சுருங்கக் கூறுவோம். 1938-ல் சென்னைச் சட்டசபை சிவில் உரிமைத் தடைகளை நீக்கும் சட்டத்தை இயற்றிற்று. 1950-ல் அமலுக்கு வந்த நம் அரசியல் சாசனத்தின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. அதன் 15-ஆம் பிரிவோ, முழுதுமேனும் ஒரு பகுதியேனும் அரசின் நிதியால் பராமரிக்கப்படும் கிணறு, குளம், படித்துறை, சாலை முதலியவற்றில் எவரையும் சாதி பற்றித் தடுத்தலாகாது என்று விதிக்கின்றது. பொது நிதி எங்குச் சென்றதோ அங்குப் பொது உரிமையும் சென்றது என்பது இதன் கருத்து. 1955-ல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது. அது 1976-ல் திருத்தப்பட்டுக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் எனப் பெயர் பெற்றது. அத்திருத்தத்தில் சேர்ந்த 15-அ என்னும் பிரிவை அன்பர்கள் சிறப்பாக நினைவிற் கொள்ளல் வேண்டும். இடர்ப்பட்டார்க்குச் சட்ட உதவி, வழக்குகளை மேற்பார்க்க உத்தியோகஸ்தர், தனி நியாயஸ்தலம், ஆலோசனைக் குழுக்கள், காலந்தோறும் ஆராய்ச்சி, தடை நிலவும் ஊர்களைக் கண்டறிதல் ஆகியவற்றை அது ராஜ்ய சர்க்காரின் கடமையாக்கிற்று. 1924-ன் உத்தரவில் இல்லாதிருந்த கையும் காலும் ஐம்பத்திரண்டு வருஷங் கழித்தே அமைந்தன. ராஜ்யங்கள் ஏற்கெனவே ஏற்ற பொறுப்புக்கு மேற்பட்ட செலவில் சரிபாதியை மத்திய சர்க்கார் தருவதென்றும் ஏற்பாடாயிற்று.

1989-ன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தையொட்டி 1995-ல் வந்த விதிகள் இன்னும் ஒருபடி சென்றன. இடர்ப்பட்டார்க்கு நிவாரணமும் மறுவாழ்வும் அளிக்க ராஜ்ய சர்க்கார் வருஷந்தோறும் வரவு செலவுத் திட்டத்தில் பொருள் ஒதுக்குதல் வேண்டும் என்பது 14-ஆம் விதி. விசாரணைக்கு வரும் சாட்சிகளுக்கு வழிச்செலவும் படியும் தருதல் வேண்டும் என்பது 11-ஆம் விதி. இவ்விதி சிறியதாய்த் தோன்றலாம். இராசிபுரத்துக்கு அப்பால் ஒரு சிற்றூரில் கூலிக்குத் தறி நெய்வார் ஒருவரை எண்ணிப் பாருங்கள். கச்சேரிக்கு ஒரு நாள் போனால் ஒரு நாட்கூலி போயிற்று. பஸ் சத்தமும் போயிற்று. வாய்தா பத்தானால் வீட்டில் அடுப்பு அணைந்தது. எதிரியோ அவருக்கு வேலை கொடுப்பவராகவும் இருக்கலாம். அந்நிலையில் அவர் சாட்சிக்கூண்டேறுவதும் ஏறாமையும் அப்படிப்பணம் காலத்தில் கைக்கு வருவதைப் பொறுத்ததாகும். சட்டத்தின் கம்பீரம் அனைத்தும் அச்சிறு தொகையில் தொங்குகின்றது.

இவை ராஜ்ய சர்க்காரின் கடமையாயின் நகரசபைக்கு யாது என்பீராயின், கூறுவோம். 1992-ல் இயற்றப்பட்டு 1993-ல் அமலுக்கு வந்த அரசியல் சாசனத்தின் 74-ஆம் திருத்தம், நகர ஸ்தாபனங்களுக்கு ஒப்புவிக்கத்தகும் பதினெட்டு விஷயங்களைப் பன்னிரண்டாம் அட்டவணையில் நிறுத்திற்று. அவற்றுள் ஒன்பதாவது, சமூகத்தின் நலிந்த பிரிவினரின் நலனைக் காத்தல். சாலைக்கும் நீருக்கும் ஒப்ப இதுவும் நகரத்தின் வேலையே. சேலம் 1994-லும், நாமக்கல் 2024-லும் மாநகராட்சிகளாயின. பெயர் பெரிதானால் பொறுப்பும் பெரிதாதல் வேண்டும். தெருவைப் பெருக்கிச் சாக்கடையை அள்ளும் தொழிலாளரைக் காப்பதும் இதனுள் அடங்கும். மனிதர் கையால் மலம் அள்ளுதலை ஒழிக்கும் 2013-ஆம் வருஷச் சட்டம், சுகாதாரமற்ற கக்கூசுகளைக் கணக்கெடுக்கும் கடமையை நேரே ஸ்தல ஸ்தாபனங்கள்மீதே வைத்துள்ளது. கணக்கெடுப்பும் செலவே, இயந்திரம் வாங்குவதும் செலவே. செலவிடாவிடின் அக்குறைக்கு ஈடாகத் தருவது ஒரு மனிதனின் உயிராகலாம்.

வெளிநாட்டில் நகரங்கள் இதனை எங்ஙனம் செய்கின்றன என்பதும் அறியத்தக்கது. அமெரிக்காவில் மின்னியாபொலிஸ் நகரம் 1947-லேயே, வேலை கொடுப்பதில் இன வேற்றுமை காட்டுவாரை விசாரிக்க ஒரு நகரக் கமிஷனை ஏற்படுத்தியது. சியாட்டில் நகரம் 2023-ஆம் வருஷம் பிப்ரவரியில், சாதி பற்றிய வேற்றுமையையும் தன் சட்டத்தால் தடுத்த முதல் அமெரிக்க நகரமாயிற்று. நம் நாட்டார் கப்பலேறியும் விமானமேறியும் சென்ற இடத்துக்குச் சாதியையுங் கொண்டு சென்றமையாலன்றோ அச்சட்டம் வேண்டியதாயிற்று என எண்ணுகையில் தலை தாழ்கின்றது. ஆனால் அங்கே ஒன்றைக் கற்கலாம். அச்சட்டம் வருமுன்பே அந்நகரில் குடியுரிமைக்கென ஒரு தனி அலுவலகம் நகரத்தின் செலவில் நடந்துவந்தது. ஆதலின் புதுச்சட்டம் பிறந்தவுடன் முறையீட்டை வாங்க ஆளும், எழுதிக்கொள்ள மேசையும் முன்னமே ஆயத்தமாயிருந்தன.

சங்கத்து அன்பர்களே! சாதியின் பெயரால் கூடியிருக்கும் நாம் இதனை ஏன் பேசவேண்டும் என்று சிலர் வினவலாம். நம் சங்கம் தோன்றியதே, நம் பிள்ளைகளுக்குக் கல்வியும் மதிப்பும் கிடைக்கவேண்டும் என்பதற்காக. நமக்கு வேண்டிய மதிப்பைப் பிறர்க்கு மறுப்போமாயின் நாம் கேட்பது நியாயமன்று, ஆதிக்கமேயாம். மேலும் நம்மவர் பலர் நகரசபைகளில் அங்கத்தினராய் அமர்கின்றனர். பணப்பையின் வாய் அவர் கையில் உள்ளது. அவர்பால் மூன்று கேள்விகளை நாம் கேட்போமாக. வருஷ வரவு செலவுத் திட்டத்தில் ஒன்பதாவது விஷயத்துக்கெனத் தனித் தலைப்பு உண்டா? உண்டாயின் ஒதுக்கிய தொகை அவ்வருஷத்திலேயே செலவாயிற்றா? ஒருவன் தெருவிலோ கடையிலோ நீர்க்குழாயிலோ தடுக்கப்பட்டால், அவன் முறையீட்டைக் கட்டணமின்றி வாங்கி, நாள் குறித்து விடை தரும் உத்தியோகஸ்தர் இன்னார் என்று சபையின் வாயிலில் எழுதி வைத்துள்ளதா?

விளக்குக்கு எண்ணெய் ஊற்றாமல் இருளைப் பழித்தல் பேதைமை. நம் முன்னோர் காலத்தில் உரிமைக்குச் சொல் கிடைத்தது. நம் காலத்தில் சட்டமும் நிறையக் கிடைத்துள்ளது. இனி வேண்டுவது கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி. அவ்வரியை எழுதுவிப்பது நம் போன்ற வரி செலுத்துவோர் கடமையாதலின், அடுத்த பொதுக்கூட்டத்தில் இதனைத் தீர்மானமாய்க் கொணர்ந்து, நகரசபைகட்கு அனுப்ப நம் சங்கத்தார் ஆவன செய்வாராக.