மாயா அருள்பிரகாசத்தின் திரைப்பட, தொலைக்காட்சிப் பணிகள்

மாதங்கி "மாயா" அருள்பிரகாசம் (பிறப்பு: சூலை 18, 1975), எம்.ஐ.ஏ. என்ற மேடைப் பெயரால் அறியப்படும் ஈழத் தமிழ்ப் பின்னணி கொண்ட பிரித்தானியப் பாடகர், பாடலாசிரியர், இசைத் தயாரிப்பாளர், நிகழ்பட இயக்குநர் ஆவார். ராக், ராப், மின்னிசை, தமிழ்ப் பறை, உறுமி ஒலிகள் யாவும் கலந்தது அவரது இசை. எனவே அவரை ராக் இசைக் கலைஞர் என்று மட்டும் கூறிவிட முடியாது. எனினும் அவர் இசைக்குள் நுழைந்தது ஒரு ராக் இசைக்குழுவின் வழியாகவே. அதுவும் பாடகராக அன்று, ஒளிப்படக் கருவியைத் தூக்கிச் சென்ற ஆவணப்படக் கலைஞராக. பாடகர் என்றே உலகம் அவரை அறிந்தாலும், அவர் முறையாகக் கற்ற கலை திரைப்படமே. அவரது திரைப்பட, தொலைக்காட்சிப் பணிகளை இக்கட்டுரை விவரிக்கிறது.

பின்னணி

மாயா இலண்டனின் ஹவுன்ஸ்லோ பகுதியில் பிறந்தார். ஆறு மாதக் குழந்தையாக இருந்தபோது குடும்பம் யாழ்ப்பாணத்திற்குத் திரும்பியது. தந்தை அருளர் என அறியப்பட்ட அருட்பிரகாசம், ஈரோஸ் எனப்பட்ட ஈழப் புரட்சி மாணவர் அமைப்பின் நிறுவனர்களுள் ஒருவர்; 1977 கலவரத்தில் இடம்பெயர்ந்த தமிழர்களை ஏற்றிச் சென்ற கப்பலை மையமாகக் கொண்ட "லங்காராணி" என்னும் புதினத்தை எழுதியவர். போர் முற்றிய காலத்தில் குடும்பம் சிறிது காலம் சென்னையிலும் வாழ்ந்தது. பின்னர் 1986 அளவில் தாய் கலா பிள்ளைகளுடன் ஏதிலியாக இலண்டன் சேர்ந்தார். அருளர், கலா, மாயா, மாதங்கி என்று தன் இசைத்தொகுப்புகளுக்கு மாயா குடும்பத்தினரின் பெயரையும் தன் பெயரையுமே இட்டுள்ளார்.

திரைப்படக் கல்வியும் இலாஸ்டிகா குழுவும்

மாயா இலண்டனில் உள்ள சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக் கல்லூரியில் நுண்கலை, திரைப்படம், நிகழ்படம் ஆகியவற்றைப் பயின்று 2000ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். அக்காலத்தில் இலாஸ்டிகா என்ற பிரித்தானிய ராக் குழுவின் தலைவியான ஜஸ்டின் ஃபிரிஷ்மனின் நட்பு அவருக்குக் கிடைத்தது. அக்குழுவின் "தி மெனஸ்" (2000) தொகுப்பின் அட்டைப் படத்தை வடிவமைத்த மாயா, குழுவின் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தை ஆவணப்படமாகப் பதிவு செய்யும் பணியையும் ஏற்றார். அக்குழுவிற்காக ஒரு பாடல் நிகழ்படத்தையும் இயக்கினார்.

அப்பயணத்தில் தொடக்க நிகழ்ச்சி அளித்த பீச்சஸ் என்ற கலைஞர், தனி ஒருவராக மேடையேறி ரோலண்ட் எம்.சி-505 என்ற தாள இயந்திரத்தைக் கொண்டு இசை நிகழ்த்தியவர். அக்கருவியை மாயாவிற்கு அறிமுகப்படுத்தியவரும் அவரே. இலண்டன் திரும்பிய மாயா அதே வகைக் கருவியை வைத்துத் தன் முதல் பாடல்களை அமைத்தார்.

இதே காலப்பகுதியில், 2001இல், தமிழ் இளைஞர்களைப் பற்றியும் காணாமற்போன தன் உறவினர் ஒருவரைப் பற்றியும் ஆவணப்படம் எடுக்கும் நோக்குடன் அவர் இலங்கை சென்றார். உறவினர்களையும் சோதனைச் சாவடிகளுக்கு இடையிலான அன்றாட வாழ்வையும் அவர் பதிவு செய்தபோதும், அப்படம் அப்போது முழுமை பெறவில்லை. சொல்ல வந்த கதை பின்னர் ஓவியமாகவும் பாடலாகவும் வெளிப்பட்டது.

இசை நிகழ்படங்கள்

"கலாங்" பாடலின் நிகழ்படத்தில் மாயாவின் ஓவியங்களே பின்னணியாக அமைந்தன. புலி, தென்னை, குண்டு, தொலைபேசி ஆகிய உருவங்களை அச்சு வார்ப்பு முறையில் அவர் வரைந்திருந்தார். இதனை இயக்கிய ரூபன் ஃபிளைசர் பின்னர் ஹாலிவுட் திரைப்பட இயக்குநராகப் பெயர் பெற்றார்.

"சன்சவர்ஸ்" (2004) பாடலின் நிகழ்படம் தென்னிந்தியக் காட்டில் படமாக்கப்பட்டது. கேரளத்தைச் சேர்ந்த திரைப்பட இயக்குநர் ராஜேஷ் டச்ரிவர் இதனை இயக்கினார். பாலத்தீன விடுதலை இயக்கத்தைக் குறிப்பிடும் வரியை நீக்கினாலன்றி ஒளிபரப்ப இயலாது என்று எம்டிவி கூறியது. மாயா நீக்க மறுத்தார். வன்முறையைப் போற்றும் பாடல்கள் என்ற குற்றச்சாட்டும், இலங்கைப் போரில் ஒரு தரப்பை மட்டும் ஆதரிக்கிறார் என்ற விமர்சனமும் அக்காலம் முதலே அவர்மீது வைக்கப்பட்டன. தான் குடிமக்களின் துன்பத்தையே பேசுவதாக அவர் விடையளித்து வந்துள்ளார்.

2006இல் அமெரிக்க நுழைவிசைவு மறுக்கப்பட்டதால் இரண்டாவது தொகுப்பான "கலா" (2007) பல நாடுகளில் பதிவானது. அவற்றுள் சென்னையும் ஒன்று. ஏ. ஆர். ரகுமானின் ஒலிப்பதிவுக் கூடத்தில் தமிழ்நாட்டு உறுமி மேளக் கலைஞர்களின் வாசிப்பு பதிவு செய்யப்பட்டது. "பேர்ட் ஃப்ளூ" பாடலின் நிகழ்படத்தை மாயாவே இயக்கி இராமேசுவரம் பகுதியில் படமாக்கினார். இலங்கையிலிருந்து படகேறிய ஏதிலிகள் பல்லாண்டுகளாக வந்திறங்கிய கடற்கரை அது. மண்டபம் முகாம் அதன் அருகிலேயே உள்ளது. "பாய்ஸ்" பாடலின் நிகழ்படம் யமேக்காவின் கிங்ஸ்டன் நகரில் எடுக்கப்பட்டது.

தமிழ்த் திரையிசையின் தடங்கள்

மாயாவின் பாடல்கள் திரைப்படங்களில் இடம்பெற்றது போலவே, திரைப்படப் பாடல்களும் அவரது இசைக்குள் இடம்பெற்றுள்ளன. மேற்கத்திய விமர்சகர் பலர் இதை ஒரு வரியில் கடந்துவிடுகின்றனர். தமிழ்ச் செவிக்கோ முதலில் கேட்பது இதுவே. "கலா" தொகுப்பின் முதற்பாடலான "பம்பூ பங்கா", மணிரத்னத்தின் "தளபதி" (1991) திரைப்படத்திற்காக இளையராசா இசையமைத்த "காட்டுக்குயிலு" பாடலின் ஒலித்துண்டைப் பயன்படுத்துகிறது. "பேர்ட் ஃப்ளூ" பாடலில் "ஜெயம்" (2003) திரைப்படத்தின் ஆர். பி. பட்நாயக் இசையமைத்த பாடலொன்றின் ஒலி உள்ளது. "ஜிம்மி", பப்பி லாகிரி இசையில் "டிஸ்கோ டான்சர்" (1982) இந்தித் திரைப்படத்தில் வந்த பாடலின் மறுவடிவம் ஆகும். இச்செய்திகள் இசைத்தொகுப்பின் உரிமைக் குறிப்பில் முறையாகப் பதிவாகியுள்ளன.

பேப்பர் பிளேன்ஸ்

"பேப்பர் பிளேன்ஸ்" மாயாவின் மிகப் பரவலாக அறியப்பட்ட பாடலாகும். நுழைவிசைவுக்குக் காத்திருந்த அனுபவத்திலிருந்து பிறந்த இப்பாடல், குடியேறிகளைப் பற்றி நிலவும் அச்சங்களைக் கேலி செய்கிறது. இதன் அடிநாதம் "தி கிளாஷ்" என்ற ஆங்கிலப் பங்க் ராக் குழுவின் "ஸ்ட்ரெயிட் டு ஹெல்" (1982) பாடலிலிருந்து எடுக்கப்பட்டது. அப்பாடலும் குடியேறிகளையும் வியட்நாம் போரில் கைவிடப்பட்ட குழந்தைகளையும் பற்றியது என்பதால், இக்கடன் வெறும் மெட்டுக் கடன் அன்று.

பல்லவியில் வரும் துப்பாக்கிச் சுடும் ஒலியும் பணப்பெட்டியின் மணியொலியும் சர்ச்சைக்கு உள்ளாயின. எம்டிவி ஒளிபரப்பில் சுடும் ஒலி மாற்றப்பட்டது. 2007இல் டேவிட் லெட்டர்மேனின் இரவு நிகழ்ச்சியில் மாயா இப்பாடலைப் பாடியபோதும் அவ்வொலி வேறு ஒலியாக மாற்றப்பட்டது. தொலைக்காட்சி தயங்கிய அதே பாடலைப் பொதுமக்களிடம் கொண்டு சேர்த்தது திரைப்பட விளம்பரமே. "பைனாப்பிள் எக்ஸ்பிரஸ்" (2008) என்ற அமெரிக்க நகைச்சுவைப் படத்தின் முன்னோட்டத்தில் இடம்பெற்ற பின், வெளியாகி ஓராண்டு கடந்த பாடல் விற்பனையில் ஏறத் தொடங்கி, பில்போர்டு 100 பட்டியலில் 4ஆம் இடம் வரை சென்றது. 2009 கிராமி விருதுகளில் ஆண்டின் சிறந்த இசைப்பதிவுக்கும் பரிந்துரைக்கப்பட்டது.

சிலம்டாக் மில்லியனர்

டேனி பாயில் இயக்கிய "சிலம்டாக் மில்லியனர்" (2008) திரைப்படத்தில் "பேப்பர் பிளேன்ஸ்" பாடல், அனாதைச் சிறுவர்கள் தொடருந்துகளில் அலைந்து பிழைக்கும் காட்சித் தொடருக்குப் பயன்படுத்தப்பட்டது. இதைத் தவிர ஏ. ஆர். ரகுமானும் மாயாவும் இணைந்து "ஓ... சாயா" என்ற புதிய பாடலை உருவாக்கினர். படத்தின் தொடக்கத்தில் காவலர்கள் துரத்த, சேரியின் சந்துகளில் சிறுவர்கள் ஓடும் காட்சியில் இது ஒலிக்கிறது. வேகத் தாளம் இப்பாடலை அப்படத்தின் பிற பாடல்களிலிருந்து வேறுபடுத்துகிறது.

"ஓ... சாயா" 81ஆவது அகாதமி விருதுகளில் (பெப்ரவரி 22, 2009) சிறந்த பாடலுக்கான பரிந்துரையைப் பெற்றது. அதே படத்தின் "ஜெய் ஹோ" பாடலுக்காக விருது ரகுமானுக்கும் குல்சாருக்கும் சென்றது. ஒரே பிரிவில் ஒரே படத்தின் இரு பாடல்கள் போட்டியிட்டன. ஒன்றில் சென்னைத் தமிழரும் யாழ்ப்பாணத்தில் வளர்ந்த தமிழரும் பெயர் பகிர்ந்திருந்தனர்.

2009ஆம் ஆண்டுத் தொலைக்காட்சித் தோற்றங்கள்

2009 பெப்ரவரி 8 அன்று நடந்த கிராமி விருது விழாவில் ஜே-சி, கான்யே வெஸ்ட், லில் வெய்ன், டி.ஐ. ஆகியோருடன் மாயா மேடையேறினார். "பேப்பர் பிளேன்ஸ்" பாடலின் ஒரு வரியை அடிப்படையாகக் கொண்ட "சுவாகர் லைக் அஸ்" என்ற பாடல் அன்று நிகழ்த்தப்பட்டது. மகப்பேற்றுக்கு மருத்துவர்கள் குறித்த நாளும் அதுவே. நிறைமாதக் கர்ப்பிணியாக அவர் ஆடிய நிகழ்ச்சி அவ்விழாவின் மிக அதிகம் பேசப்பட்ட காட்சியாயிற்று.

தமிழ் வாசகர்களுக்கு அதைவிட முதன்மையான தோற்றம் சில நாள்களுக்கு முன், அதே ஆண்டு சனவரியில் நிகழ்ந்தது. அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியான பிபிஎஸ்சில் டேவிஸ் சுமைலியின் நேர்காணலில் பங்கேற்ற மாயா, வன்னியில் நடந்துகொண்டிருந்த போரைப் பற்றியும் அங்கு சிக்கியிருந்த தமிழ் மக்களைப் பற்றியும் பேசினார். நடப்பதை இனப்படுகொலை என்றே குறிப்பிட்டார். அமெரிக்கப் பொழுதுபோக்கு உலகில் அச்சமயம் அப்படிப் பேசியவர்கள் மிகச் சிலரே. இலங்கை அரசு அக்குற்றச்சாட்டை மறுத்து வந்தது. போர் 2009 மே மாதத்தில் முடிவடைந்தது.

பார்ன் ஃப்ரீ

"பார்ன் ஃப்ரீ" (2010) சுமார் ஒன்பது நிமிடம் ஓடும் குறும்படம் எனலாம். பிரெஞ்சு இயக்குநர் ரொமான் கவ்ராஸ் இதனை இயக்கினார். பாடல், "சூசைட்" என்ற நியூயார்க் இரட்டையர் குழுவின் "கோஸ்ட் ரைடர்" (1977) ராக் பாடலின் மீது கட்டப்பட்டது. ஆயுதம் தாங்கிய படையினர் அடுக்குமாடி வீடுகளைச் சோதனையிட்டு, செந்நிறத் தலைமுடி கொண்ட இளைஞர்களை மட்டும் பிடித்துப் பேருந்தில் ஏற்றிப் பாலைவனத்திற்குக் கொண்டு செல்கின்றனர். அங்கு ஒரு சிறுவன் சுட்டுக் கொல்லப்படுகிறான், மற்றவர்கள் கண்ணிவெடி நிலத்தில் ஓடவிடப்படுகின்றனர். தலைமுடியின் நிறத்தைத் தவிர அவர்கள் பிடிக்கப்பட வேறு காரணம் எதுவும் படத்தில் கூறப்படுவதில்லை. படத்தின் கருத்தும் அதுவே.

யூடியூப் தளம் இதனை அகற்றியது. பின்னர் வயதுக் கட்டுப்பாட்டுடன் காண இயன்றது. இதற்கு முந்தைய ஆண்டில், கைகள் கட்டப்பட்ட ஆடவர்களை இலங்கைப் படையினர் சுட்டுக் கொல்வதாகக் காட்டும் காணொளியைப் பிரித்தானியாவின் சேனல் 4 ஒளிபரப்பியிருந்தது. அது போலியானது என இலங்கை அரசு கூறியது. உண்மைக் கொலைக் காட்சிகள் எழுப்பாத சினத்தை, நடிகர்களையும் போலி இரத்தத்தையும் கொண்டு எடுத்த படம் எழுப்பியது ஏன் என்று மாயா நேர்காணல்களில் கேட்டார்.

பேட் கேர்ள்ஸ், சூப்பர் பவுல்

கவ்ராசுடன் மாயா மீண்டும் இணைந்த "பேட் கேர்ள்ஸ்" (2012) மொரோக்கோவில் படமாக்கப்பட்டது. அரபு உடையணிந்த பெண்கள் மகிழுந்துகளை இரு சக்கரங்களில் சாய்த்து ஓட்டும் காட்சிகள் இதில் உள்ளன. சவூதி அரேபியாவில் பெண்கள் வாகனம் ஓட்ட முடியாதிருந்த காலம் அது. அத்தடை 2018இல் நீங்கியது. 2012 எம்டிவி நிகழ்பட விருதுகளில் சிறந்த இயக்கம், சிறந்த ஒளிப்பதிவு ஆகிய இரு விருதுகளை இது வென்றது. முன்னர் அவரது ஒலியைத் திருத்திய நிறுவனமே இவ்விருதுகளை வழங்கியது.

"பேட் கேர்ள்ஸ்" வெளியான அதே வாரத்தில், பெப்ரவரி 5 அன்று, இண்டியானாபொலிசு நகரில் நடந்த சூப்பர் பவுல் அமெரிக்கக் காற்பந்து இறுதிப் போட்டியின் இடைவேளை நிகழ்ச்சியில் மடோனா, நிக்கி மினாஜ் ஆகியோருடன் மாயா பங்கேற்றார். 11 கோடிக்கும் மேற்பட்டோர் கண்ட அந்நேரடி ஒளிபரப்பில் அவர் நடுவிரலை உயர்த்திக் காட்டினார். தேசியக் காற்பந்துக் கூட்டமைப்பும் என்பிசி தொலைக்காட்சியும் மன்னிப்புக் கோரின. கூட்டமைப்பு முதலில் 15 இலட்சம் டாலர் இழப்பீடு கோரி, 2014இல் மேலும் 151 இலட்சம் டாலரைச் சேர்த்தது. மொத்தம் 166 இலட்சம் டாலர். அவ்வாண்டு ஆகத்தில் இரு தரப்பும் உடன்பாட்டிற்கு வந்தன, விவரங்கள் வெளியிடப்படவில்லை. அவரது படங்களில் எதுவும் இத்தனை பெரிய தண்டனைக் கோரிக்கையைச் சந்தித்ததில்லை.

பார்டர்ஸ்

மாயாவே இயக்கிய "பார்டர்ஸ்" (2015), ஐரோப்பாவை நோக்கி ஏதிலிகள் கடல் கடந்த ஆண்டில் வெளியானது. நெரிசலான படகுகள், கம்பி வேலியில் தொற்றி ஏறும் ஆடவர் கூட்டம், நடுவே அசையாது நிற்கும் பாடகர் என்று சொற்ப காட்சிகளால் ஆனது இப்படம். இதில் அவர் அணிந்திருந்த மேற்சட்டை, பாரிசு செயின்ட் ஜெர்மைன் காற்பந்துக் கழகத்தின் சட்டையில் உள்ள விமான நிறுவன விளம்பரச் சொல்லைக் "கடற்கொள்ளையர்" என்று பொருள்படும் சொல்லாக மாற்றியிருந்தது. கழகம் அனுப்பிய எதிர்ப்புக் கடிதத்தை 2016 சனவரியில் மாயா பொதுவில் வெளியிட்டார்.

மாதங்கி / மாயா / எம்.ஐ.ஏ.

கல்லூரிக் காலத் தோழரான ஸ்டீவ் லவ்ரிட்ஜ் இயக்கிய இவ்வாழ்க்கை வரலாற்று ஆவணப்படம் 2018இல் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் முதன்முறையாகத் திரையிடப்பட்டு, உலக ஆவணப்படப் பிரிவில் நடுவர் குழுவின் சிறப்பு விருதைப் பெற்றது. மாயா பல ஆண்டுகளாகத் தானே எடுத்துச் சேர்த்து வைத்திருந்த சுமார் 700 மணி நேர ஒளிப்பதிவுகளே இதன் மூலப்பொருள். அவற்றை அவர் இயக்குநரிடம் ஒப்படைத்துவிட்டார், படத்தொகுப்பில் பங்கேற்கவில்லை. தயாரிப்பு இடையில் தடைப்பட்டு, 2013இல் இயக்குநர் வெளிப்படையாகப் பணியை விட்டு விலகிப் பின் திரும்பியதும் உண்டு. விழாவில்தான் மாயா இப்படத்தை முதன்முதலாகப் பார்த்தார். இசையைப் பற்றிய படத்தையே தான் எதிர்பார்த்ததாகவும், இது தன் சொந்த வாழ்வைப் பற்றியதாக அமைந்துவிட்டதாகவும் அவர் கூறினார்.

இலாஸ்டிகா குழுவினருடனான பயணக் காட்சிகள், இலண்டன் வீட்டில் உடன்பிறந்தாருடன் தந்தையைப் பற்றிப் பேசும் காட்சிகள் ஆகியன இதில் இடம்பெற்றுள்ளன. 2001இல் இலங்கையில் அவர் படமாக்கிய பாட்டியும் உறவினர்களும் திரையரங்கில் தோன்றியது, அவை பதிவான பதினேழு ஆண்டுகளுக்குப் பின் இப்படத்தின் வழியாகவே ஆகும்.