வெள்ளிமலையில் வினாவும் விடையும்

கல்வராயன் மலைக்குடிகளாகிய மலையாளிகள் (சேரநாட்டாரல்லர், தமிழ் பேசுவோர்) தம் முன்னோராகிய உடன்பிறந்தார் மூவர் காஞ்சியினின்று போந்தனர் என்பர். 1909-இல் தர்ஸ்டன் இதனை நூலேற்றினார். பின் வந்தோரும் அதனையே கேட்டு அதனையே பெற்றனர். ‘எங்கிருந்து வந்தீர்?’ என்னும் வினாவிலேயே வருகை அடங்கியிருத்தலை நோக்குக. பன்முறை வினவப்பட்டோர் வினவுவார் வேண்டுவது யாதென உணர்வர், விடை மெருகேறும். வினவுவாரோ பல்லாண்டு வினவிய பின்னரே இதனை அறிவர். காஞ்சிக்கதை பொய்யென யாம் கூறோம். ஆயின் வெள்ளிமலையில் ஏடெடுத்து அமர்வோர், 1976 வரை நிலவிய ஜாகீர் ஆட்சியில் எவர் நிலத்தில், என்ன கூலிக்கு உழைத்தீர் எனவும் வினவுதல் வேண்டும். அதற்கு ஆயத்தமான விடை இருத்தல் அரிது. ஒருவர் கூற்றை மற்றொருவர் மறுக்கலாம், சிலர் வாய்திறவாதிருக்கலாம். அம்மறுப்பையும் மௌனத்தையும் நாளிட்டு எழுதிக்கொள்ளல் வேண்டும். அக்காலத்தை நினைவிற் கொண்டோர் இன்று முதியர்.